கோழி சார்

தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம். மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர். எந்தப் பக்கம் போனாலும் நாலு தெருவுக்கு ஒரு கோழி சார் இருப்பார். நிலம் சல்லிசாகக் கிடைத்த காலத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டு, பி.எஃப். லோனில் வீடு கட்டி, கிணறு, தென்னை, முருங்கை என்று செட்டிலாகி, சர்வீஸ் முடித்து வீட்டுக்கு வந்தவர். அக்கம்பக்கத்துத் தனி வீடுகளெல்லாம் அடுக்குமாடி ஆன பிறகும், வருகிற பில்டரை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். காரணம் கேட்டால் காற்றோட்டம் என்பார். உண்மையான காரணம் கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருக் கோழி சார் ரயில்வேக்காரர். ஆரம்பம் என்னவோ அப்பாவித்தனமானதுதான். ஊரடங்கு முடிந்த கையோடு சைக்கிளில் கலர் குஞ்சு விற்றுக்கொண்டு வந்தவனிடம் பேத்திக்காக ரோஸில் இரண்டு, பச்சையில் இரண்டு வாங்கினார். முட்டைக்கோழி இனத்தில் பண்ணைக்காரர்கள் வேண்டாமென்று கழித்துவிடும் ஆண் குஞ்சுகளைத்தான் சாயம் முக்கித் தெருவில் விற்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முட்டைக்காக மூலையில் வைக்கோல் பரப்பிக் காத்திருந்தார். ரோஸும் பச்சையும் உதிர்ந்து வெள்ளை முளைத்தது. ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு நாலும் சேர்ந்து கூவின. பக்கத்து அடுக்குமாடி அசோசியேஷன் தீர்மானமே போட்டது.

வேறு ஆளாயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடித்து, காட்டுப்பாக்கத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், கொல்லைப்புறக் கோழி வளர்ப்புப் பயிற்சியில் உட்கார்ந்தார். திரும்பி வந்து நாட்டுக்கோழி வாங்கினார். அடை வைத்து இருபத்தோராம் நாள் குஞ்சு பொரித்தது. இருபத்திரண்டாம் நாள் மதில்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் சார் நிஜமாகவே ரிட்டயர்மென்டிலிருந்து வெளியே வந்தார்.

யார்டில் வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதிப் பழகிய கை. பழைய ரயில்வே டைரி ஒன்றை எடுத்தார். 'காலை 6.10, டீச்சரம்மா, கிழக்கு மதில். 6.25, புறப்பாடு. 6.40, மூணேகால், முருங்கை வழி.' டீச்சரம்மா என்பது நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றுமே பேசாமல் பார்வையாலேயே மிரட்டும் வெள்ளைப் பூனை. மூணேகால் ஒரு காலை முக்கால்வாசி தூக்கி வைத்து நடக்கும். இவர்களுக்கெல்லாம் மேலே கவுன்சிலர் என்றொரு தடியன், சாம்பல் நிறம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது தெருவில் முதன்முதலாகத் தலைகாட்டியது. எல்லா வீட்டுக்குள்ளும் போகும். எந்த வீட்டிலும் ஒரு எலி பிடித்ததாகத் தகவல் இல்லை.

கோழிகளுக்கு அவர் பெயரே வைக்கவில்லை என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

வைத்தியங்களும் வரிசையாக நடந்தன. உஜாலா கரைத்த தண்ணீர் பாட்டில்களைச் சுவரோரம் அடுக்கினார். டீச்சரம்மா அவற்றுக்கு நடுவே, ஒன்றுகூடச் சாயாமல் நடந்து காட்டியது. ஆரஞ்சுத் தோல் போட்டார், எறும்பு வந்தது. பாச்சை உருண்டை போடப் போனவரை, "அதைக் கோழி கொத்தித் தின்னா என்ன ஆகும்?" என்று வீட்டம்மா ஒரே கேள்வியில் நிறுத்தினார். மதில்மேல் தூவிய மிளகாய்த்தூளைச் சாயங்காலக் கடல்காற்று அப்படியே அள்ளிச் சமையலறைக்குள் கொண்டுவந்தது. கடைசியில் பாண்டி பஜாரிலிருந்து ஒரு ரப்பர் பாம்பு. அதைப் பார்த்த கோழிகள் ஒரு வாரம் முட்டையை நிறுத்தின. மூணேகால் அந்தப் பாம்பின்மேல் தலைவைத்துத் தூங்கியது.

அடுத்து சட்டம். எதிர் ஃபிளாட் வக்கீலைப் பிடித்தார்.

"பூனையை அடிச்சா என்ன சார் பண்ணுவாங்க?"

"1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவைன்னா பத்து ரூபாயிலேருந்து அம்பது ரூபா வரைக்கும் அபராதம்."

சார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்ததாக வக்கீல் இன்றைக்கும் சொல்வார். அதனால் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாராம்: "கொன்னாலோ, கை கால முடமாக்கினாலோ அது பாரதிய நியாய சன்ஹிதா 325. அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்." கூடவே, அந்த மிருகவதைச் சட்டத்துக்காக ராஜ்யசபாவில் முதலில் குரல் கொடுத்தவர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி என்ற தகவலையும் சொல்லியிருக்கிறார். சார் முகம் தொங்கிவிட்டது. "டெல்லிக்காரங்கன்னு நெனச்சேன். நம்ம திருவான்மியூரா?"

கோழிக்கு உண்மையான எமன் பூனை அல்ல, வெள்ளைக்கழிச்சல். குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். அப்புறமும் தவணை உண்டு. காட்டுப்பாக்கத்தில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் டைரிக்குள்தான் இருந்தது, கவுன்சிலர் பக்கத்துக்கு அடையாளமாக. கோடையில் மூன்று கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. டைரியில் பதிவான காரணம்: 'டீச்சரம்மா முறைத்த அதிர்ச்சி.'

பூனைகள் ஏன் வருகின்றன என்பதும் பெரிய ரகசியமில்லை. ராத்திரி கொல்லையில் சிந்திக் கிடக்கும் நொய்க்கும் கம்புக்கும் எலி வரும். எலிக்குப் பூனை வரும். இதை நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அப்ப கோழிதான் பூனையைக் கூப்பிடுதுங்கிறீங்களா?" என்று கேட்டார். ஒரு வாரம் முட்டை வரவில்லை எங்கள் வீட்டுக்கு.

அப்புறம் ஒரு விடியற்காலை நல்ல வளர்ந்த பெட்டை ஒன்றே காணோம். கூண்டைச் சுற்றி இறகு. மகன் அமெரிக்காவிலிருந்து ஆன்லைனில் ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். நாலாம் நாள் ராத்திரி அகப்பட்டது. தென்னையிலிருந்து இறங்கி, மதில்மேல் நீள வாலை இழுத்துக்கொண்டு, சாவகாசமாக வந்தது ஒரு மரநாய். கிறிஸ்தவக் கல்லூரிக் காடும் பழைய தோப்புகளும் இருக்கிற இந்தப் பக்கத்தில் அது ஒன்றும் அதிசயப் பிராணி இல்லை. ஓட்டு வீட்டு மச்சில் குடித்தனமே நடத்தும். தெருவே கூடி அந்த வீடியோவைப் பார்த்தது. பூனைகளுக்கு விடுதலை என்று நாங்கள் நினைத்தோம். சார் மட்டும் திரையின் ஓரத்தை விரலால் பெரிதாக்கினார். இருட்டில் இரண்டு கண்கள் மின்னின. கவுன்சிலர்.

"பார்த்தீங்களா? உடந்தை!"

முடிவில் தீர்த்துவைத்தவர் அகரம்தென்னிலிருந்து கீரை கொண்டுவரும் அம்மா. கூடையை இறக்காமலே கூண்டைப் பார்த்தார். "இன்னா சாரு, இந்தக் கம்பி வலை கோழி வெளிய போவாம இருக்கத்தான் ஆவும். ஓட்டை வழியா கைய வுட்டு இழுத்துக்காது? சின்ன ஓட்டையா கெட்டிக் கம்பி போடு. குஞ்சுங்கள பொழுது சாய பஞ்சாரத்துல கவுத்து மேல ஒரு கல்லு வை. எங்க ஆயா காலத்துலேர்ந்து அதான்." சார் அரை இஞ்ச் வெல்டு மெஷ் அடித்தார், அடியில் சிமென்ட் தளம் போட்டார், மூங்கில் பஞ்சாரம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். ராத்திரித் தீனியை எடுத்து வைக்கும் பொறுப்பை வீட்டம்மா ஏற்றுக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. முட்டை தாராளமாக வருகிறது.

சார்தான் ஒரு சுற்று இளைத்துவிட்டார். டைரியில் பக்கம் பக்கமாக 'குறிப்பிடும்படி இல்லை.' அவ்வப்போது டார்ச்சோடு கொல்லைக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வருகிறார் என்று வீட்டம்மா என் மனைவியிடம் கவலைப்பட்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவரும் இப்போதுதான் ரிட்டயர் ஆனவர். கொல்லையில் நாலு நாட்டுக்கோழி விடலாமென்று யோசனை, சாரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சாருக்கு ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் ரத்தம் ஓடியது. காபி வரவழைத்தார். டைரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல இதைச் சொல்லுங்க. உங்க தெருவுல எத்தனை பூனை?"

"பூனையா? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுகூட இல்லியே சார்."

சார் டைரியை மூடினார்.

"அப்புறம் எதுக்கு சார் உங்களுக்குக் கோழி?"