பாலத்து வித்வான்

ஜாஸ் சாக்ஸபோன் வித்வான் சோனி ரோலின்ஸ் 1930-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தார். இளமையில் கொள்ளை வழக்கில் ஜெயில், கூடவே ஹெராயின். அந்தக் கால ஜாஸ் வித்வான்களில் பலருக்கு இவை கட்டாயப் பாடம் போல. இரண்டையும் முடித்துவிட்டு வந்தவர், 1956-இல் 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

மற்றவராக இருந்தால் சம்பளத்தை ஏற்றியிருப்பார். இவரோ 1959-இல் கச்சேரிகளை அடியோடு நிறுத்தினார். தன் வாசிப்பு தனக்கே போதவில்லையாம்!

சரி, வீட்டில் சாதகம் பண்ணலாமென்றால் அக்கம்பக்கத்தில் ஒரு கர்ப்பிணி. டெனர் சாக்ஸபோனுக்கு ரகசியம் பேசத் தெரியாது. ஆகவே வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்கு நடந்தார். பக்கத்தில் ரயில் தடதடக்கும், கீழே ஆற்றில் படகு ஊதும். படகு ஊதினால் இவரும் பதிலுக்கு ஊதுவார். வெயில், பனி எதுவும் விலக்கில்லை. சில நாள் பதினைந்து மணி நேரம்கூட வாசித்தாராம். சபா இல்லை, டிக்கெட் இல்லை, முன்வரிசையில் தூங்கும் பிரமுகரும் இல்லை.

1961-இல் மேடைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு 'தி பிரிட்ஜ்' தட்டை வெளியிட்டார். விமர்சகர்கள் சிலருக்கு ஏமாற்றம்: இத்தனை நாள் பாலத்தில் நின்றும் மனிதர் பெரிதாக மாறவில்லையே! குறைந்தபட்சம் கொம்பாவது முளைக்கும் என்று எதிர்பார்த்தார்கள் போலும்.

அறுபதுகளின் கடைசியில் மறுபடி அலுப்பு. இம்முறை பம்பாய் பொவாயில் சுவாமி சின்மயானந்தரின் ஆசிரமம். கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை என்று புலம்பினார். உமக்கு வாசிப்பதே தியானம் என்று சொல்லிவிட்டார்கள். கடல் தாண்டி வந்தவருக்குக் கிடைத்த உபதேசம், வீட்டுக்குப் போய் வேலையைப் பார் என்பதுதான்.

பார்த்தார். 1986-இல் ஒரு திறந்தவெளிக் கச்சேரியில் மேடையிலிருந்து குதித்து குதிகால் எலும்பை உடைத்துக்கொண்டார். சனம் பதறுகிறது, இவர் மல்லாந்து படுத்தபடியே வாசிப்பைத் தொடர்ந்தார். கேமராவிலும் பதிவாகியிருக்கிறது.

2001 செப்டம்பர் 11-இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது அவர் வீடு சில தெருக்கள் தள்ளித்தான். 39-ஆம் மாடியிலிருந்து வெளியேறியபோது கையில் சாக்ஸபோன். நான்கே நாளில் பாஸ்டனில் கச்சேரி. அந்தக் கச்சேரிப் பதிவிலுள்ள ஒரு தனி வாசிப்புக்குப் பிற்பாடு கிராமி விருதும் கிடைத்தது.

இத்தனை பேரும் புகழும் வந்தபிறகும் தன் பழைய பதிவுகளைக் கேட்டால் அவருக்குக் குறைகள்தான் காதில் விழுமாம். இரண்டே பாட்டுப் பழகிவிட்டு அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் பெற்றோர்களே, முதலில் பக்கத்தில் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள்.