அந்தப் பக்கமா வாங்க சார்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவரோடு எங்கேயாவது கிளம்பினால் "ஏறுங்க" என்று அவர் சொல்லிக் கேட்கவே முடியாது. "அந்தப் பக்கமா வாங்க சார், இது கொஞ்சம் மக்கர் பண்ணும்" என்பார். இது என்பது பின்பக்க இடது கதவு. ரிப்பேரா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது, முகம் சுருங்கிவிடும். "ரிப்பேர் எல்லாம் ஒண்ணுமில்ல. அதுக்கு ஒரு பதம் இருக்கு."

பதத்தைச் செய்தும் காட்டுவார். கைப்பிடிப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி, அமுக்கியது அமுக்கியபடியே இருக்க, இடுப்பால் கதவை உள்பக்கம் ஓர் இடி. அதே மூச்சில் லேசாக மேலே தூக்கி ஓர் இழு. கதவு முனகிக்கொண்டே திறக்கும். நீங்கள் செய்தால் திறக்காது. "அவசரப்படுறீங்க சார்" என்பார், சுருதி விலகிய சிஷ்யனைத் திருத்தும் வீணை வாத்தியார் மாதிரி.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி. வயதான வண்டியில் கீல் ஊசி தேய்ந்து கதவு தொங்கிப்போகும். தொங்கிய கதவின் பாரம் லாக்கின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தூணில் இருக்கும் ஸ்டிரைக்கரை விட்டு அது நகராது. உள்ளே தள்ளித் தூக்கினால் பாரம் குறைந்து பிடி விடும். இதையெல்லாம் அவர் வெயிலில் நின்றபடி விளக்குவார். நீங்களும் வெயிலில்தான். கதவு முடிந்ததும் சரித்திரம் ஆரம்பிக்கும்: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, உத்தரபாரா தொழிற்சாலை, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. கடைசி வரி வரும்போது குரல் தழுதழுக்கும். அந்த இடத்தில் ஒரு "அடடா" போடுவது மரியாதை.

இவரைவிடக் கெட்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர். அவர் வண்டி நம்மூர்ப் பிள்ளை, வண்டலூர்ப் பக்கம் பிறந்தது. வடிவம் வரைந்து கொடுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலிக்காரர். சீமையில் அந்தக் காருக்கு இரண்டே கதவுதான். இங்கே குடும்பம் பெரிது என்று நினைத்தார்களோ என்னவோ, 1960களின் பிற்பகுதியில் நாலு கதவு வைத்துச் செய்தார்கள். மக்கர் பண்ண இரண்டு கதவு கூடுதலாகக் கிடைத்தது. இதை அவரிடமே சொல்லிப் பார்க்கலாம், திரும்பி வர ஆட்டோவுக்குக் காசு இருந்தால்.

அம்பாசடர்காரருக்கு வருவோம். பதம் ஒருநாள் கைவிடும். அது முகூர்த்த நாளாகத்தான் இருக்கும். வண்டிக்குப் பூ கட்டியாகிவிட்டது, கதவு அசையவில்லை. சற்று நேரத்தில் தெருவே கூடிவிடும். இஸ்திரி வண்டிக்காரர் "தேங்கா எண்ணெ விடுங்க சார்" என்பார். மாடி வீட்டுப் பையன் செல்போனில் தேடி, எங்கோ ஒரு வெள்ளைக்காரர் லாரிக் கதவைத் திறக்கும் வீடியோவைக் காட்டுவான். வாட்ச்மேன் ஒன்றும் பேசாமல் போய்க் கடப்பாறையோடு வருவார். "கிட்ட வராதே!" என்று நம்மவர் கதவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நிற்பார். இங்கேயும் நியாயம் அவர் பக்கம்தான்: நெம்பினால் விளிம்புத் தகரம் மடங்கும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராது. ஆனால் பட்டு வேட்டியோடு காருக்குக் காவல் நிற்கும் மனிதரைப் பார்த்து சம்பந்தி வீட்டார் வேறு மாதிரி நினைக்க இடமிருக்கிறது.

மெக்கானிக் பாய் வருவார். கூட்டத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். வலது கதவு வழியே உள்ளே போய், பின்சீட்டு மெத்தையைத் தூக்கி வெளியே கொடுத்துவிட்டு, உள் கைப்பிடியை ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பார். அது தொளதொளவென்று ஆடும். "ராடு கழண்டிருக்கு." கண்ணாடி இறக்கும் கைப்பிடியின் பின்னை ஒரு கம்பியால் தட்டி எடுப்பார். உள் அட்டையின் கிளிப்புகள் ஒவ்வொன்றாகப் 'பொட்' 'பொட்' என்று விடும். கதவின் வயிற்றுக்குள் டார்ச் அடித்தால் கட்டி தட்டிய கிரீஸ், வேப்பஞ்சருகு, 2011இல் செல்லாக்காசாகிப்போன நாலணா ஒன்று. மழைத்தண்ணீர் வடிய அடியில் விட்டிருக்கும் துளைகளை மண் அடைத்திருக்கும். தேங்கிய தண்ணீரில் அடித்தகடு துருவேறி, அந்த ஈரத்தில் லாக்கும் இறுகிப்போயிருக்கும். மண்ணெண்ணெய் பீச்சி, கொஞ்சம் ஊறவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு தட்டு. டக்.

அதற்குப் பிறகு கதவு ஒற்றை விரலுக்குத் திறக்கும். இஸ்திரிக்காரரின் மகள், ஒன்றாம் வகுப்பு படிப்பவள், திறந்து திறந்து மூடி விளையாடுவாள். நம்மவர் இதை ரசிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை வருஷமாக அவர் ஒருத்தர் கைக்கு மட்டுமே அடங்கிய கதவு அது.

"கீல் ஊசி ரெண்டும் போயிருச்சு சார். புதுப்பேட்டையில தேடினா கிடைக்கும். மாத்திட்டா அப்புறம் தொந்தரவே இருக்காது."

"அது ஒரிஜினல் பாய். கம்பெனியிலயே போட்டது."

பாய் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொள்வார்.

"சரி சார். அப்போ அடுத்த முகூர்த்தத்துக்குப் பாப்போம்."