எட்டே இடத்தில் அரக்கோணம்

அன்புள்ள மாமாவுக்கு,



சிங்கப்பூரில் எங்கள் அறையில் ஆம்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரில் ஷூ கம்பெனியில் இருந்தவர். இங்கே காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போன் போட, அங்கே விடியாத ஐந்தரைக்கு மொத்தக் குடும்பமும் யாருக்கு என்ன ஆச்சோ என்று எழுந்து அழுதிருக்கிறது. அதனால்தான் இரண்டு ஊர் நேரத்தையும் காட்டும் கடிகாரம் ஒன்று செய்து சுவரில் மாட்டியிருக்கிறேன். ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் உங்களைத் தவிர இதை வேறு யாரிடம் சொல்ல?

சாமான் வாங்கியது சிம் லிம் டவரில். தேக்கா மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நம் ரிச்சி ஸ்ட்ரீட்டை அடுக்கி வைத்து ஏசி போட்ட மாதிரி இருக்கும். அர்டுயினோ போர்டு ஒன்று, நேரம் காக்கும் சில்லு ஒன்று, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் எல்சிடி ஒன்று.

எல்சிடிக்குப் பதினாறு கால். மூன்றாவது கால்தான் வில்லன். அதற்கு 10கே பிரீசெட்டின் நடுக்கால்; மற்ற இரண்டு முனையும் ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும். அதைத் திருகிச் சரியாக வைக்காவிட்டால் எல்லா வயரும் ஒழுங்காக இருந்தாலும் திரை வெறுமையாகத்தான் நிற்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் எல்சிடி போச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். மேல்வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் வந்தால் கரண்டு சரி, போர்டின் பேச்சு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஐந்தாவது கால் ஆர்டபிள்யூ. அதைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் எல்சிடி கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. அத்தை முன்னால் நீங்கள் இருப்பீர்களே, அதே நிலைமை. எட்டு டேட்டா கால் இருந்தாலும் டி4 முதல் டி7 வரை நாலே போதும்.

உள்ளே இருக்கும் சில்லு, ஜப்பானின் ஹிட்டாச்சி 1980-களில் போட்ட எச்டி44780-இன் வம்சம். ஆங்கிலம் தெரியும், ஜப்பானியக் கத்தகானா தெரியும், யென் குறிகூட வைத்திருக்கிறது. தமிழ் கிடையாது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு போன ரயில் நம்மூர் அரக்கோணம் வழியாகத்தான் போனது. ஜப்பான்காரன் ரயில் விட்டது 1872-இல். இந்த மரியாதையாவது வேண்டாமா?

நாமே புள்ளி வைத்து எழுத்து வரைந்துகொள்ள எட்டே எட்டு இடம் கொடுத்திருக்கிறான். ஒவ்வொன்றும் அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டு. அரக்கோணத்துக்கு அ, ர, க், கொம்பு, க, கால், ண, ம் என்று எண்ணிப் பாருங்கள், அளவெடுத்த மாதிரி எட்டு! ஆனால் ஐந்து புள்ளி அகலத்துக்குள் ண அடங்குமா? அதற்கு இரண்டு கட்டம் வேண்டும். கால் வாங்கும் இடத்தில் ர-வையே நிற்க வைத்து அந்த இடத்தை மிச்சம் பிடித்தேன். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் சந்தால் ண மட்டும் விரிசல் விட்ட சுவர் போலத் தெரிகிறது. போகட்டும். கீழ்வரியில் சிங்கப்பூர், ஆங்கிலத்தில். அதற்கும் ஒன்பது கட்டம், நமக்கும் ஒன்பது.

ஆம்பூர்க்காரருக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊருக்கு நாலே எழுத்து தம்பி, அதைப் போடாம எட்டு இடத்தையும் உங்க ஊரே சாப்பிட்டா எப்படி?" என்கிறார். ஆ, பூ, ர் மூன்றுக்கும் இடமில்லை. ம் மட்டும் வேண்டுமானால் கடன் தரலாம் என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

நல்லவேளை, அந்த எட்டு எழுத்தும் கரண்டு போனால் அழிகிறவை. போர்டுதான் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்கிறது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே ஒப்பந்தம் ஆகியிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேல்வரியில் ஆம்பூர் ஓடும், அன்றைக்குச் சீரகச் சம்பா பிரியாணி அவர் பொறுப்பு. கத்தரிக்காய் உண்டா இல்லையா என்பதில்தான் இன்னும் இழுபறி.

அன்புடன்,
உங்கள் மருமகன்