தள்ளுபடி விலையில் உயிர்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஊர் உண்டாக்குவது சுலபம். 1870களில் ரயில்காரர்கள் காட்டிய வழி இது. வயலையும் வண்டிப்பாதையையும் குறுக்கே வெட்டித் தண்டவாளம் போடு. வெட்டுப்பட்ட இடத்தில் ஒரு கேட். கேட்டில் காத்துக்கிடப்பவனுக்கு ஒரு டீக்கடை. ஊர் தயார்! தாது வருஷப் பஞ்சத்தில் மாகாணமே எலும்பும் தோலுமாய்க் கிடந்த காலத்தில், துரைமார் நமக்குச் சோறு போடாவிட்டாலும் கேட் போட்டுக் கொடுத்தார்கள்.

துரைமார் போய்விட்டார்கள். கேட் நிலைத்துவிட்டது, கூடவே ஒரு கணக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாளில் போகும் ரயில்களை, கேட்டைக் கடக்கும் வண்டிகளால் பெருக்க வேண்டும். வரும் தொகைதான் அந்த ஊரின் பெறுமானம். இதில் மாட்டுவண்டிக்கு ஓர் அலகு உண்டு. நடந்து போகும் மனிதன் கணக்கிலேயே இல்லை. மாடாகப் பிறந்து வண்டியில் பூட்டப்பட்டிருந்தாலாவது மதிப்பு இருந்திருக்கும்.

இருபதாயிரம் அலகு தேறினால்தான் இன்டர்லாக்கிங்: கேட் மூடாமல் சிக்னல் விழாது. தேறாத ஊருக்கு ஒரு டெலிபோன். 'மூடியாச்சு' என்று கேட்கீப்பர் ஓர் எண்ணைச் சொன்னால் போதும், ரயில் வரும். கேட் நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று இரும்புக்குத் தெரியாது.

கடலூர் - சிதம்பரம் பாதையில் உள்ள செம்மங்குப்பம் 170ஆம் எண் கேட் தேறாத வகை. 2025 ஜூலை 8 காலை, விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் பள்ளி வேனில் மோதியது. மூன்று பிள்ளைகள் போனார்கள். ரயில்வேயின் அறிக்கை மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. வேன் டிரைவர்தான் கேட்டைத் திறக்கச் சொன்னாராம். சுரங்கப்பாதைக்குப் பணம் தயாராம், ஒரு வருஷமாய் ஆட்சியர்தான் அனுமதி தரவில்லையாம். உடல்கள் வீடு சேருமுன் பழி ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. கேட்கீப்பர் கைதானார். பெருக்கல் கணக்குப் போட்டவர் எவரும் கைதாகவில்லை. வாய்ப்பாடு குற்றமாகுமா என்ன?

மறுநாளே மத்திய அமைச்சரின் கருணை பிறந்தது. கேட்டுக்கெல்லாம் கேமரா. இருபதாயிரம் இனிப் பத்தாயிரம். ஒரே கையெழுத்தில் முடிகிற வேலை! இத்தனை வருஷமாய் அந்தப் பேனாவுக்கு மை வாங்கப் பணமில்லை போலிருக்கிறது.

ஆக, மூன்று பிள்ளைகளுக்குப் பத்தாயிரம் அலகு தள்ளுபடி. மிச்சப் பத்தாயிரத்துக்கு இன்னும் எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று கட்டணப் பட்டியலோடு சேர்த்து ஸ்டேஷனில் ஒட்டிவிடுங்கள். எந்த ஊர் பிள்ளை பெற்றுத் தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.