கிளாஸ்கோ வாசலில் படையப்பா

கிளாஸ்கோ,
நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போன்ல, "உன் பிள்ளைக பேய் வேஷம் போட்டு வீடு வீடாப் போயி மிட்டாய்ப் பிச்சை எடுக்குதாமே, லயம் பூரா அதான் பேச்சு"ன்னு கேட்டியே, அதோட லைன் கட்டாயிடுச்சு. மழையா, இல்ல நீயே கோவத்துல வெச்சிட்டியான்னு தெரியல. அதனால நடந்தது நடந்தபடி எழுதுறேன். அத்தைக்கும் படிச்சுக் காட்டு. நடுவுல எதையும் கூட்டிக் குறைச்சுச் சொல்லாத.

முதல்ல, அது பிச்சையே இல்ல. இந்த ஊர்ல ஒரு பாட்டோ, ஆட்டமோ, சிரிப்புக் கதையோ இல்லாம ஒரு மிட்டாய்கூடக் கையில விழாது. அமெரிக்காவுல பிள்ளைக கதவைத் தட்டி, குடுக்கிறியா இல்ல சேட்டை பண்ணவான்னு மிரட்டி வாங்கிட்டுப் போயிருமாம். அதுல இந்த ஊர்க்காரங்களுக்கு ரொம்ப இளக்காரம். இங்க பிள்ளை வாசல்ல நின்னு ஏதாச்சும் செஞ்சு காட்டணும், வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் வந்து நின்னு கேட்பாங்க, அப்புறம்தான் கூடை வெளிய வரும். கூலி வேலைதான் அக்கா, நமக்குப் பழகினதுதான்.

நாளு அக்டோபர் 31. மறுநாள் சகல புனிதர் திருநாள். அதுக்கும் மறுநாள் ரெண்டாம் முறி அக்கா பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கிட்டுப் போவாங்களே, அந்தக் கல்லறைத் திருநாள். கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே இங்கயும் அயர்லாந்துலயும் இருந்த ஜனங்களுக்கு அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்குற ராத்திரி இது. செத்தவங்க அன்னைக்கு ஊருக்குள்ள வந்து போவாங்கன்னு நம்பிக்கை. அதுக கண்ணுல அடையாளம் தெரியாம இருக்கத்தான் மனுசங்களும் வேஷம் போட்டாங்களாம். இங்கேயிருந்தும் அயர்லாந்துல இருந்தும் பிழைக்கப் போனவங்கதான் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போனது. பிழைக்கப் போறவங்க மூட்டையில சாமியும் பேயும் சேர்ந்துதான் போகும். நம்ம ஆச்சி குலசை முத்தாரம்மனை மூணாறு வரைக்கும் கூட்டிக்கிட்டு வரலையா?

குலசைத் தசராவைச் சொன்னா அத்தை சமாதானம் ஆயிருவாங்க. அங்க காளி, குரங்கு, குறத்தி, போலீஸ்னு வேஷம் கட்டி, ஊர் ஊரா கடை கடையா தர்மம் வாங்கிக் கோயில் உண்டியல்ல சேர்க்கிறாங்க. அங்க வசூல் அம்மனுக்கு, இங்க வசூல் பிள்ளைக வயித்துக்கு. வேற வித்தியாசம் எனக்குத் தெரியல. எங்க வீட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரர் இதைக் கேட்டுட்டு, பாலக்காட்டுச் சித்தூர்க் கொங்கன்படைக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வேஷமான்னு ஆரம்பிச்சிட்டார். மாசி மாசம் சித்தூர் பகவதி கொங்குப் படையை விரட்டின சண்டையை அவங்க ஊர்ப்பக்கம் நடிச்சுக் காட்டுவாங்களாம். வீட்டுல பேசுறது கொங்குத் தமிழ், கை தட்டுறது கொங்குப் படை தோக்கறதுக்கான்னு கேட்டேன். பல்லு தேய்க்கப் போயிட்டார்.

இனி விளக்கு. பூசணிக்காயைக் குடைஞ்சு கண்ணு மூக்கு வெட்டி விளக்கு வைக்கிறது அமெரிக்காவுல வந்த வழக்கம். இங்க பழைய ஆளுகளுக்கு டர்னிப்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளைகளுக்குக் கத்துக் குடுக்கிறேன்னு ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. தேங்காய்ப் பருமன் இருக்கும், கத்தி இறங்கவே இல்ல. கடைசியில வீட்டுக்காரர் சுவத்துல ஓட்டை போடுற டிரில்லை எடுத்துட்டு வந்தார். உள்ள மெழுகுவத்தி ஏத்தினதும் டர்னிப் கருகுற வாசம் ஒண்ணு வந்துச்சு பாரு, செத்தவங்க எட்டிப் பாக்காததுக்குக் காரணம் அன்னைக்குத்தான் புரிஞ்சுது. பாட்டி கண்ணை மூடி அதை மோந்துட்டு, சின்ன வயசு ஞாபகம் வருதுன்னாங்க. குடைஞ்ச சதையை நான் விடல. தேங்காய் போட்டுப் பொரியல் பண்ணிட்டேன்.

பூசணியும் ஒண்ணு வாங்கினோம். சின்னவ கையில கத்தி குடுக்க மனசு வரல, வெட்டாம பெயின்ட் அடிச்சுக்கன்னு விட்டேன். எந்த முகம் வரையறதுன்னு கேட்டா. புது வீட்டு முன்னாடி கட்டித் தொங்கவிடுற திருஷ்டிப் பூசணிதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. உருட்டுக் கண்ணு, முறுக்கு மீசை, ரெண்டு கோரைப் பல்லு, தொங்குற நாக்கு. தெருவுல இருந்த பூசணியெல்லாம் சிரிச்சுது, எங்களது மட்டும் முறைச்சுது. பட்டாம்பூச்சி வேஷத்துல வந்த ஒரு குட்டிப் பிள்ளை அதைப் பாத்துட்டு கேட் பக்கத்துலயே நின்னு அழுதுச்சு. அதைச் சமாதானப்படுத்தி அனுப்ப ரெண்டு கை மிட்டாய் செலவு. திருஷ்டி கழிஞ்சுதான்னு தெரியாது, கூடை காலியாச்சு.

பெரியவன் என்ன வேஷம் கட்டினான்னு கேளு. ஆனை. அதுவும் சும்மா ஆனை இல்ல, நம்ம மூணாறுக் காட்டானை படையப்பா. அட்டைப்பெட்டியில காது, பழைய பேன்ட் காலுல பஞ்சு அடைச்சுத் தும்பிக்கை, பேப்பர் சுருட்டிக் கொம்பு. அடியில மழைக் கோட்டு, அதுக்கும் அடியில ஸ்வெட்டர், ஆனை தன்னால தயாராயிடுச்சு. ஐப்பசிச் சாரல் இங்கயும் உண்டு, குளிர் மட்டும் கூடுதல்.

முதல் வீட்டுல கதவைத் திறந்தவர், உன் கலை நிகழ்ச்சி என்னப்பான்னு கேட்டார். இவன் கதை சொன்னான். எங்க அம்மா ஊர்ல ஒரு ஆனை இருக்கு, ராத்திரி கடைக்கு வரும், கதவைத் தட்டாது, கதவையே எடுத்துரும், ரேஷன் அரிசியைத் தின்னுட்டுப் போயிரும். கவர்மென்ட்டு அதுக்கு மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்தித் தூரக் காட்டுல விட்டுச்சு. ஒரு மாசத்துல அது பக்கத்து ஸ்டேட் டவுனுக்குள்ள நடந்து வந்துருச்சு. அந்த ஸ்டேட்டும் ஊசி போட்டு லாரியில ஏத்துச்சு. பாவம், ரெண்டு ஸ்டேட்லயும் அதுக்கு ரேஷன் கார்டு இல்ல. இப்படி முடிச்சான். உனக்குத் தெரியும், 2023-ல சின்னக்கானல்ல இருந்து பெரியாறுக்கும், கம்பத்துக்கு வந்தப்புறம் களக்காட்டுக்கும் போன அரிக்கொம்பன் கதை அது. பேரு ஒரு ஆனையோடது, கதை இன்னொரு ஆனையோடது, சினிமாவுல நடக்காததா? அந்த மனுசர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, என்ன கற்பனை உன் பிள்ளைக்குன்னு என்கிட்ட சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கற்பனை இல்லைன்னேன். அதுக்கும் சிரிச்சார்.

சின்னவளுக்குப் பாட்டு மறந்துபோச்சு. லீவுக்கு வந்தப்ப ஜீப் ஸ்டாண்டுல நின்னு கத்துக்கிட்டது கைகொடுத்துச்சு. ஒரே மூச்சுல "தேவிகுளம், லாக்கார்ட், பெரியகானல், பூப்பாறை, போடிமெட்டு, போடி, போடி, போடி!"ன்னு கூவினா. ஏதோ மந்திரம்னு நெனச்சு ஒரு வீட்டுல தொப்பியைக் கழட்டிட்டாங்க.

போற வீட்டுக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. ஜன்னல்லயோ வாசல்லயோ விளக்கு வெச்சிருந்தாத்தான் போகணும். இல்லைன்னா அந்தக் கதவைத் தொடக்கூடாது. பெரியவங்க கேட் பக்கத்துல நிக்கணும். இங்க நெறையப் பிள்ளைகளுக்குக் கடலை ஒத்துக்காது, அதனால நான் கடலை மிட்டாயைத் தூரவெச்சுட்டுப் பென்சிலும் ஸ்டிக்கரும் தனியா ஒரு தட்டுல வெச்சேன். நாலரைக்கெல்லாம் பொழுது சாஞ்சிரும், அதனால எட்டு மணிக்குள்ள தெரு அடங்கிருச்சு.

இந்தத் தெருவுக்கு வந்ததுல இருந்து குப்பைத் தொட்டி வைக்கிற அன்னைக்கு மட்டும்தான் எதிர் வீட்டுக் கதவு திறந்து பாத்திருக்கேன். நம்ம லயத்துல ஒரு முறியில கருவாடு வறுத்தா மத்த முறியில சோறு இறங்கும். அந்த மாதிரி ஊர்ல வளந்தவளுக்கு இங்க மூச்சு முட்டும். அன்னைக்கு ராத்திரி எல்லாக் கதவும் திறந்துச்சு. எதிர் வீட்டுக்காரர் வேலையில இருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவராம், முழங்கால் வலியாம், மாடிப்படி ஏற முடியலையாம். எல்லாத்தையும் ஆனை வேஷக்காரன் விசாரிச்சுட்டு வந்துட்டான். பிள்ளைகளுக்கான பண்டிகைன்னு பேரு, எனக்கென்னவோ கதவைத் திறக்கப் பெரியவங்களுக்கு ஒரு சாக்குன்னுதான் படுது.

விளையாட்டும் உண்டு. அண்டாவுல ஆப்பிளை மிதக்கவிட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பல்லால கவ்வி எடுக்கணும். கருப்பட்டிப் பாகு மாதிரி ஒண்ணைத் தடவின ரொட்டியைக் கயித்துல தொங்கவிட்டுக் கை படாம தின்னணும். நம்ம எஸ்டேட் ஓணம் போட்டியில பன்னு தின்னு பரிசு வாங்கின உன்னைப் பத்திச் சொன்னேன். உன்னை இங்க அனுப்பச் சொல்றாங்க.

அக்டோபர்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு. முந்தியெல்லாம் பிள்ளைக உருளைக்கிழங்கு பொறுக்கப் போறதுக்காக விட்ட லீவாம், கிழங்கு விளையிற வட்டவடைப் பிள்ளைகளுக்குச் சொல்லு, சந்தோசப்படும். இப்ப கிழங்குக்குப் பதிலா இலை பொறுக்கறாங்க. மஞ்சள், செம்பு, ரத்தச் சிவப்பு, அதுக்குள்ள குதிச்சு எழுந்திரிக்கறதுக்கே ஒரு நாளு. நவம்பர் பிறந்தாச்சு, மரமெல்லாம் கவாத்து வெட்டின தேயிலை ஃபீல்டு மாதிரி நிக்குது.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 1897-ல ஆரம்பிச்ச கண்ணன் தேவன் கம்பெனிக்குப் பின்னால இருந்தது ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி. அதோட தலைமை ஆபீஸ் இந்த ஊர்லதான் இருந்துச்சு. ஆச்சி கிள்ளின கொழுந்தோட லாபம் வந்து இறங்கின ஊர்ல ஆச்சியோட கொள்ளுப்பேரன் வாசல் வாசலா நின்னு ஒரு தலகாணி உறை நிறைய மிட்டாய் வாங்கிட்டு வந்துட்டான். கொஞ்சமாச்சும் வசூலாச்சுன்னு வெச்சுக்க.

இப்ப வீட்டுல பூசணிக்காய் மலையா கிடக்கு. தூக்கிப் போடப் போறோம்னு சொன்ன வீட்டுலயெல்லாம், வெட்டாததைக் கேட்டு வாங்கிட்டேன். வீட்டுக்காரர் பாலக்காட்டு எரிசேரி வெக்கிறேன்னு நின்னார். விளக்குப் பூசணியில சதை குறைச்சல், தண்ணிதான் ஜாஸ்தி. எரிசேரி ரசமா இறங்குச்சு. அதனால அடுத்து யாராச்சும் வந்தா வன்பயறு ரெண்டு கிலோ குடுத்துவிடு, மறையூர் சர்க்கரை ஒரு உருண்டையும். முக்கியமா, படையப்பா இந்த வருஷம் எந்தக் கடையில கைவெச்சான், என்னென்ன தின்னான்னு விவரமா எழுது. பெரியவனுக்கு அடுத்த அக்டோபருக்குப் புதுச் சரக்கு வேணும், பழைய கதைக்கு இந்தத் தெருவுல இனி மிட்டாய் விழாது.

அத்தைக்கு வணக்கம் சொல்லு. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி