முருங்கைக்கீரை அடையும் மூன்று வயது நடுவரும்

செப்டம்பர் பிறந்தால் அங்கன்வாடியில் அடுப்புக்கு மவுசு. 2018 முதல் அது தேசிய ஊட்டச்சத்து மாதம். கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் பெயர் அட்டையோடு மேசையேறும். சத்துமாவில் கொழுக்கட்டை, புட்டு, லட்டு என்று பணியாளர் செய்து காட்டுவார். பதாகையில் ‘பெற்றோருக்கான சமையல் விளக்கம்’ என்றிருக்கும். அப்பாவும் பெற்றோரில் சேர்த்தி என்ற தகவல் பல ஊர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தப்பித்தவறி வந்தவர் வண்டியை அணைக்காமல் வாசலிலேயே நிற்பார்.

நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து என்பார் சிறப்பு விருந்தினர். உண்மைதான். அதை ஊறவைத்து, முளைகட்டி, வறுத்து, அரைக்க ஆகும் நேரத்தை மட்டும் எந்த அட்டையிலும் எழுதியிருக்காது. காலையில் நூறுநாள் வேலைக்கு ஓடுகிறவள் பணிவாகத் தலையாட்டுவாள். உரை முடிந்ததும் அனைவருக்கும் கிரீம் பிஸ்கட், சர்க்கரை தூக்கலாய் டீ.

மேலே அனுப்பும் படத்துக்காக ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் முருங்கைக்கீரை அடையை வைப்பார்கள். படம் எடுத்து முடிக்கும்வரை அது துப்பாமல் இருப்பது ஊர் செய்த புண்ணியம்.

வீட்டில் மாமியார் தீர்ப்பு தயார்: “புள்ளைக்குப் புடிக்காததை எதுக்கு ஊட்டுற? இந்தா, அஞ்சு ரூபா பாக்கெட்டு வாங்கிட்டு வா.”