உருட்டலும் சறுக்கலும்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் விளையாட்டுக்கும் நிகழ்ச்சி நிரல் உண்டு. புதன்கிழமையே மருமகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்துவிடுவாள்: இந்த வாரம் ஊனோவா, கேரமா, மோனோபொலியா? வெள்ளிக்கிழமை நொறுக்குத்தீனிப் பட்டியல் வரும். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு எல்லோருடைய செல்போனும் ஒரு பிரம்புக் கூடைக்குள் போகும். ஒன்பதரைக்கு ஆட்டம் முடிந்தாக வேண்டும், ஏனென்றால் பேத்திக்கு ஞாயிறு காலையில் அபாகஸ் வகுப்பு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், யாரும் யாரையும் கூப்பிடாமலேயே எப்படி அத்தனை பேர் தாயக்கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தோம் என்று யோசனை ஓடுகிறது.

கூப்பிட்டது மின்வெட்டு என்றுதான் சொல்ல வேண்டும். கரண்ட் போகும், அரிக்கேன் விளக்கு வரும். வெளிச்சம் விழுகிற இடத்தில்தானே உட்கார முடியும்? உட்கார்ந்தபின் சும்மா எவ்வளவு நேரம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது? அத்தை சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, மலைகளுக்குப் பெருக்கல் குறி போடுவாள். காய்க்கு அலைய வேண்டியதில்லை. ஒருத்தருக்குப் புளியங்கொட்டை, ஒருத்தருக்கு உடைந்த வளையல், சித்தப்பாவுக்கு அவருடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்தே கொட்டைப்பாக்கு. (பழமாகப் போகிற நேரத்தில் தன் காயைத் தானே வாயில் போட்டு மென்றுவிட்ட பெருமை அவருக்கு உண்டு.)

தாயம் விழாமல் காய் இறங்காது, எதிராளியை ஒரு முறையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது, இவை சட்டம். மற்றதெல்லாம் வாக்குவாதம். பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்து, அவை ஒன்றோடொன்று கிணுகிணுக்க, அத்தை ஒரு வினாடி கண்ணை மூடுவாள். பிறகு நாங்கள் போடுவதுபோல உருட்டமாட்டாள், தரையோடு தரையாகச் சறுக்கவிடுவாள். கட்டை புரளாமல் போய் நிற்கும். “தாயம்!” என்று அவளே அறிவித்து, நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் வாரி எடுத்தும் விடுவாள். பார்த்தாயா, பார்க்கவில்லையா, விளக்கைக் கிட்டே கொண்டா, சாமிமேல் சத்தியம் பண்ணு என்று அரை மணி நேரம் ஓடும். ஆட்டம் என்று நாங்கள் சொன்னது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தைத்தான்.

மதியத்தில் பாட்டியோடு பல்லாங்குழி. புரை விழுந்த கண்ணோடு அவள் 14 குழியையும் ஆண்டாள். குழிக்குள் விரலை விட்டாலே எத்தனை சோழி என்று தெரிந்துவிடும். நான்கு சேர்ந்த குழி ‘பசு’ என்று நான் கவனிப்பதற்குள் அது அவள் மடியில் இருக்கும். என் பசுவும் பல நாள் அங்கேதான் இருந்தது என்பது வேறு விஷயம். வருஷத்தில் முன்கூட்டியே திட்டமிட்டு ஆடிய ஆட்டம் என்றால் வைகுண்ட ஏகாதசிப் பரமபதம் ஒன்றுதான். விடிய விடியக் கண்விழித்தால் புண்ணியம் என்று வீடே ஏற்பாடு செய்யும், நாங்கள் பத்து மணிக்கெல்லாம் பாம்பின் தலைமேல் தலைவைத்துத் தூங்கிப்போவோம்.

கேரம் அண்ணனின் சாம்ராஜ்யம். “வேலையில்லாதவன் ஆட்டம்” என்று அப்பா சொல்வதை நிறுத்தியது, சென்னைக்காரர் மரிய இருதயம் கேரம் ஆடியே 1996-இல் அர்ஜுனா விருது வாங்கிய பிறகுதான். அதற்குள் அண்ணனுக்கு முன்வழுக்கை விழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் நடுவில், கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்த ஓர் இளைஞனையும் சொல்லவேண்டும். கையில் செஸ் போர்டு, வாயில் புள்ளியியல். தாயம் வெறும் அதிர்ஷ்டம், மூளைக்கு வேலையே இல்லை என்று கூடத்தில் நின்று அவன் உபதேசித்தான். இரண்டு கட்டைக்கு 16 விதமாக விழ வாய்ப்பு, அதில் இரண்டே இரண்டுதான் தாயம், ஆகவே எட்டில் ஒரு பங்கு என்று அத்தைக்குத் தாளில் எழுதியும் காட்டினான். அத்தை “அப்படியா கண்ணு?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்தடுத்து மூன்று தாயம் போட்டாள். எனக்கு இன்றைக்கும் அவன்மேல் கொஞ்சம் பிரியம் உண்டு, கிட்டத்தில் இருந்தால் காதைத் திருகலாம் என்றும் தோன்றும்.

நம்முடைய பச்சீசி இங்கிலாந்துக்குப் போய், 1896-இல் லூடோ என்ற பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டு, கடைசியில் செல்போனுக்குள் குடியேறியது. 2020 ஊரடங்கில் உலகத்தின் மூலைக்கொன்றாக இருந்த எங்கள் உறவெல்லாம் அதில்தான் கூடியது. அது பெரிய காரியம், மறுக்கமாட்டேன். ஆனால் பகடையைச் செல்போனே உருட்டியது, காயைச் செல்போனே நகர்த்தியது, கணக்கையும் அதுவே வைத்துக்கொண்டது. ஒரு கட்டம் கூடத் தாண்டி வைக்க வழியில்லை. சண்டையில்லாமல் ஜெயித்து, சண்டையில்லாமல் தோற்று, ஆளுக்கொரு சிரிப்புப் பொம்மை அனுப்பிவிட்டுப் படுக்கப் போனோம். இவ்வளவு நேர்மையை எங்கள் குடும்பம் அதற்குமுன் கண்டதில்லை.

போன மாதம் பித்தளைத் தாயக்கட்டையை ஆன்லைனில் வரவழைத்தேன். வெல்வெட் சுருக்குப்பை, துணியில் அச்சடித்த கட்டம், வழவழ தாளில் விதிமுறை என்று சகல மரியாதைகளோடும் வந்தது. வாக்கெடுப்பில் தாயம் ஒரு ஓட்டில் ஜெயித்தது. என் ஓட்டை எப்படிப் போடுவது என்று பேத்திதான் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமை ஒன்பதே காலுக்கு அவளுடைய கடைசிக் காய் பழத்துக்கு இரண்டு கட்டம் தள்ளி நிற்க, அதை வெட்ட எனக்குத் தாயம் தேவைப்பட்டது. விழுந்தது. வாரி எடுத்தேன்.

“தாத்தா, காட்டுங்க!”

“தாயம்தான்டா. நீ பார்க்கலையா?”

இப்படிப் போட்டால் செல்லுமா என்று விதிமுறைத் தாளைப் புரட்டினாள், அதில் இல்லை. யூடியூபில் பார்க்கலாம் என்றால் செல்போன் கூடைக்குள். ஒன்பதரையும் ஆனது, பத்தும் ஆனது. நொறுக்குத்தீனிப் பட்டியலில் இல்லாத சண்டை இது என்று மருமகள் திகைத்து நிற்க, மகன் மட்டும் தரையில் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் பேத்தி என்னோடு பேசவில்லை. திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுப் புகாரை விலாவாரியாகச் சொன்னாள். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாளாம்:

“கட்டையை உருட்டினானா, சறுக்கினானா?”